குறும்படத்துக்கு ஒலி: படப்பிடிப்புக்கு முன்பே திட்டமிடுவது எப்படி?

கல்லூரியில் நாங்கள் எடுத்த முதல் குறும்படத்துக்கு கேமரா, லைட், உடை என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டோம். ஒலிக்கு மட்டும் போடவில்லை. கேமராவிலேயே மைக் இருக்கிறதே, அது போதும் என்று நினைத்துவிட்டோம். எடிட்டிங்கில் உட்கார்ந்தபோது வசனத்தைவிட மின்விசிறிதான் பெரிதாகக் கேட்டது. நடித்தவர்களை மறுபடி கூப்பிட்டு மூன்று நாள் டப்பிங் செய்தோம். ஆனால் அழுகைக் காட்சியில் நாயகி அன்று கொடுத்த குரல் திரும்பி வரவே இல்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஒலியைப் பற்றிய முடிவுகளைக் கதை எழுதும்போதே எடுத்துவிடுங்கள் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது அதனால்தான்.

விளக்குவதற்கு ஒரு ஐந்து நிமிடக் கதையை வைத்துக்கொள்வோம். ஊரில் தனியாக இருக்கும் பாட்டி. ஞாயிற்றுக்கிழமை தோறும் துபாயிலிருந்து மகன் போன் செய்வான். இந்த ஞாயிறு போன் வர நேரமாகிறது.

1. கதையைக் கண்ணை மூடிக் கேளுங்கள்

ஒருவர் கதையை வாசிக்கட்டும், மற்றவர்கள் கண்ணை மூடிக்கொள்ளுங்கள். என்னென்ன சத்தம் மனதில் வருகிறது? ஒரு தாளை நடுவில் கோடு போட்டுப் பிரித்து, இடப்பக்கம் தெரிவதையும் வலப்பக்கம் கேட்பதையும் எழுதுங்கள். பாட்டி வீட்டுக்கு நான் எழுதினால்: சுவர்க் கடிகாரம், காகம், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில், தூரத்தில் கோயில் ஒலிபெருக்கி.

இதில் கடிகாரத்தைக் கவனியுங்கள். முதல் நிமிடத்தில் அது காதில் விழவே வேண்டாம். போன் வராமல் நேரம் போகப் போக, மற்ற சத்தங்கள் ஒவ்வொன்றாக அடங்கி, கடைசியில் கடிகாரம் மட்டும் மிஞ்சட்டும். பாட்டியின் தவிப்பைச் சொல்ல வயலின் தேவையே இல்லை. இப்படி ஒரு யோசனை கதை எழுதும்போதே வந்தால், படப்பிடிப்பில் கடிகாரத்தைத் தனியாகப் பதிவு செய்துகொண்டு வருவீர்கள். எடிட்டிங்கில் வந்தால் இணையத்தில் தேடி அலைவீர்கள்.

2. இடத்தைக் காதாலும் பாருங்கள்

படப்பிடிப்பு நடக்கப்போகும் அதே கிழமை, அதே நேரத்தில் அந்த வீட்டுக்குப் போய் ஐந்து நிமிடம் பேசாமல் நில்லுங்கள். ஃபிரிட்ஜ், இன்வெர்ட்டர், பழைய டியூப்லைட் சோக்கின் ரீங்காரம் எல்லாம் அப்போதுதான் கேட்கும். அப்புறம் ஒருமுறை கையைத் தட்டிப் பாருங்கள். சாமான் இல்லாத சிமெண்ட் அறை என்றால் எதிரொலிக்கும். கேமராவில் தெரியாத பக்கங்களில் கனமான போர்வை தொங்கவிட்டு, தரையில் பாய் விரித்தால் நன்றாகக் குறையும்.

ஃபிரிட்ஜை அணைத்தால் உங்கள் பைக் சாவியை அதற்குள் வைத்துவிடுங்கள். கிளம்பும்போது சாவியைத் தேடுவீர்கள், ஃபிரிட்ஜும் ஞாபகம் வரும்.

3. பதிவு செய்யும் நாள்

மைக் எந்த விலை என்பதைவிட வாயிலிருந்து எவ்வளவு தூரம் என்பதுதான் முக்கியம். தூரம் இரண்டு மடங்கானால் குரல் சுமார் 6 டெசிபல் குறைகிறது. அறையின் இரைச்சலோ குறையாது. ஆகவே நல்ல கேமரா மைக்கைவிட, நடிகரின் நெஞ்சில், வாயிலிருந்து ஒரு சாண் தூரத்தில் குத்திய சாதாரண காலர் மைக் மேல். அதைப் பாட்டியின் சட்டைப்பை இல்லாத உடையில் எப்படி மறைப்பது, ஒயர் எங்கே போகும் என்பதை உடை தேர்வு செய்யும்போதே யோசியுங்கள். பட்டுப்புடவை சரசரக்கும், பருத்தி நல்லது. கண்ணாடி வளையலும் மைக்குப் பகை.

தனி ரெக்கார்டர் இல்லையா? இன்னொரு போனில் காலர் மைக்கைச் செருகுங்கள், ஃபிளைட் மோடில் போடுங்கள். கோப்பு வேவ் (சுருக்கப்படாத ஒலிக்கோப்பு) வடிவில், 48 கிலோஹெர்ட்ஸில் இருக்கட்டும். வசதி இருந்தால் 24 பிட். பதிவு மீட்டரில் வசனத்தின் உச்சம் மைனஸ் 12 டெசிபலைச் சுற்றி இருந்தால் போதும். பூஜ்யத்தைத் தொட்டு உடைந்த குரலைச் சரிசெய்வது பெரும்பாடு.

ஒவ்வொரு டேக்கின் தொடக்கத்திலும் காட்சி எண், டேக் எண் சொல்லிக் கை தட்டுங்கள், தனியாகப் பதிவான ஒலியைப் படத்தோடு பொருத்த அது உதவும். முடிவிலும் ஒருமுறை தட்டுங்கள். போன் வீடியோவில் ஃபிரேம் வேகம் சீராக இருக்காது என்பதால், நீளமான டேக்கில் உதடும் குரலும் மெல்ல விலகும். இரண்டு தட்டல் இருந்தால் எடிட்டிங்கில் பிடித்துவிடலாம்.

ஒருவர் ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அவருக்கு வேறு வேலை கொடுக்காதீர்கள். ஒரு லாரி குறுக்கிட்டால் "இன்னொரு டேக்" என்று சொல்லும் உரிமை அவருக்கு உண்டு, இயக்குநர் கோபித்துக்கொள்ளக் கூடாது.

இடத்தை விட்டுக் கிளம்பும் முன், எல்லோரும் அசையாமல் நிற்க, ஒரு நிமிடம் வெறும் அறையைப் பதிவு செய்யுங்கள். ரூம் டோன் என்பார்கள். வசனத்தை வெட்டிய இடங்களில் அடியில் விரிப்பதற்கு இதைவிட்டால் வழி கிடையாது.

4. போன் குரலும் பின்னணிக் குரலும்

மகனின் குரலைப் பிறகு சேர்க்கலாம் என்று விடாதீர்கள். அன்றைக்கே அவர் வெளியில் நின்று உண்மையாகவே போன் செய்து பேசட்டும், பாட்டியின் முகம் வேறு மாதிரி இருக்கும். படத்தில் வரும் குரலைச் சுத்தமாகத் தனியே பதிவு செய்து, ஈக்வலைசரில் (ஒலியின் தாழ், உச்ச அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் கருவி) 300 ஹெர்ட்ஸுக்குக் கீழும் 3400க்கு மேலும் வெட்டுங்கள். தொலைபேசியின் பழைய அலைவரம்பு அதுதான், காது உடனே போன் என்று நம்பிவிடும்.

கதைசொல்லும் குரல் (பாட்டியின் பேரன் சொல்வதாக வைத்துக்கொள்வோம்) தேவையென்றால் எழுதியதைச் சத்தமாகப் படித்து ஸ்டாப்வாட்சில் அளந்து பாருங்கள். அதைவிட முக்கியம், எந்தத் தமிழில் என்பது. "அவர் எனக்காகக் காத்திருந்தார்" என்று எழுத்துத் தமிழில் சொன்னால் வானொலிச் செய்தி போல விலகி நிற்கும். "எனக்காகத்தான் உக்காந்திருந்தா" என்றால் பேரன் நம் பக்கத்தில் வந்து உட்காருகிறான். துணி நிறைந்த பீரோவைத் திறந்து அதன் முன்னால் நின்று பதிவு செய்யுங்கள், எதிரொலி அடங்கும். மைக்கை வாய்க்கு நேராக வைக்காமல் கொஞ்சம் பக்கவாட்டில் வையுங்கள்.

5. இசை

பிடித்த சினிமாப் பாட்டைப் போடாதீர்கள். யூடியூபில் உரிமைக் கோரிக்கை வரலாம், விழாவுக்கு அனுப்பினால் உரிமைக் கடிதம் கேட்பார்கள். இந்தியச் சட்டப்படி எழுதியவர் மறைந்து 60 ஆண்டுகள் வரை பதிப்புரிமை உண்டு. பாரதியார் 1921இல் மறைந்தார், அவர் வரிகளை நீங்கள் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் அதே வரிகளை ஒருவர் மெட்டமைத்துப் பாடிய பதிவுக்குத் தனி உரிமை இருக்கும். வகுப்பில் பாடத் தெரிந்த ஒருவரை புது மெட்டில் பாடவைப்பது நல்ல வழி.

கிரியேட்டிவ் காமன்ஸ் (உரியவரே சில நிபந்தனைகளோடு இலவசமாகப் பயன்படுத்த அனுமதித்த) இசையில் 'மாற்றக் கூடாது' என்ற நிபந்தனை உள்ளதைத் தவிருங்கள், படத்தோடு இணைப்பதே மாற்றமாகக் கணக்கிடப்படும். 'பெயர் குறிப்பிடுக' வகை என்றால் டைட்டிலில் பெயர் போட்டுவிடுங்கள்.

6. கலவை

டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருள் இலவசமாகக் கிடைக்கிறது, அதற்குள்ளேயே ஃபேர்லைட் என்ற ஒலிப் பகுதி இருக்கிறது. வசனத்தை முதலில் சரிசெய்து, அப்புறம் ரூம் டோன், தனி ஒலிகள், கடைசியில் இசை. இசையைச் சேர்த்ததும் ஒருமுறை அதை அணைத்துவிட்டுப் பாருங்கள். காட்சி இசை இல்லாமலும் நின்றால், எடுத்துவிடுங்கள்.

ஹெட்ஃபோனில் ஒரு தடவை, போன் ஸ்பீக்கரில் ஒரு தடவை கேளுங்கள். முடிந்தால் திரையிடும் அரங்கிலேயே முந்தின நாள் போட்டு, கடைசி வரிசையில் உட்கார்ந்து பாட்டியின் கடிகாரம் அங்கே வரைக்கும் கேட்கிறதா என்று பாருங்கள்.