ஜெட்டுக்குள் ஊக்கை விடாதீர்கள்: பழைய வண்டி கார்ப்பரேட்டரில் நாம் செய்யும் தவறுகள்

மதுரையிலிருந்து மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் என்று எந்தப் பக்கம் போனாலும், பால் கேனும் கீரைக்கட்டும் சுமந்து பழைய வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதி வந்த பிறகுதான் பெரும்பாலான இருசக்கர வண்டிகள் எஃப்.ஐ.க்கு, அதாவது பெட்ரோலை அளந்து பீய்ச்சும் ஃப்யூவல் இன்ஜெக்ஷனுக்கு மாறின. அதற்கு முந்தையவை எல்லாம் அநேகமாக, பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்ப்பரேட்டர் வைத்த வண்டிகள். வீட்டு வாசலில் உட்கார்ந்தே இவற்றைச் சரிசெய்யலாம். ஆனால் நான் பார்த்தவரை, தானாகக் கெட்ட கார்ப்பரேட்டரைவிட நாம் கை வைத்துக் கெடுத்த கார்ப்பரேட்டர்தான் அதிகம்.

என் அப்பாவின் 100 சிசி வண்டி, காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் மட்டும் ஓடியது. மெதுவான ஓட்டத்துக்குப் பெட்ரோல் விடும் சிறு துளைக் குழாயான ஸ்லோ ஜெட் அடைத்திருக்கிறது என்று சரியாகவே கண்டுபிடித்தேன். கையில் கிடைத்த ஊக்கை விட்டுக் குடைந்தேன். அடைப்பு போனது. ஆனால் அடுத்த வாரமே கரும்புகை, பெட்ரோல் வாடை, மைலேஜும் இறங்கிவிட்டது. ஜெட்டைக் கழற்றி லென்ஸ் வைத்துப் பார்த்தால், துளையின் விளிம்பு ஒரு பக்கம் பிய்ந்திருந்தது. ஜெட் பித்தளை, ஊக்கு இரும்பு. ஸ்லோ ஜெட்டின் துளை அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. அதில் தலைமுடி அளவு கூடினாலும் பெட்ரோல் அளவு மாறிவிடும். பிறகு எந்த ஸ்க்ரூவைத் திருப்பினாலும் பழைய நிலைக்கு வராது, புது ஜெட்தான் போட வேண்டும். ஜெட்டைச் சுத்தமான பெட்ரோலிலோ கார்ப்பரேட்டர் கிளீனரிலோ ஊற வைத்து, காற்று அடித்தாலே பெரும்பாலும் திறந்துகொள்ளும். அப்படியும் போகாவிட்டால் பழைய டூத் பிரஷ்ஷிலிருந்து ஒற்றை நாரைப் பிடுங்கி விடுங்கள். கம்பி மட்டும் வேண்டாம்.

இதற்கும் முந்தைய தவறு ஒன்று உண்டு. வண்டி மிஸ் ஆனதும் நேரே கார்ப்பரேட்டரைக் கழற்றுவது. முதலில் பிளக்கைப் பாருங்கள். முனை காப்பிப்பொடி நிறத்தில் இருந்தால் நல்லது. கரி படிந்து கறுத்திருந்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு. அப்புறம் ஏர் ஃபில்டர். மேலூர் பக்கம் தூசி பறக்கும் சாலையில் தினமும் போகிற வண்டிக்கு ஃபில்டர் அடைத்தாலே கரும்புகை வரும், அதற்குக் கார்ப்பரேட்டரைக் குறை சொல்லி என்ன செய்வது? நாலைந்து கிலோமீட்டர் ஓடி நின்று, சற்று நேரம் கழித்து மறுபடி ஸ்டார்ட் ஆகிறதா? டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். 'உஸ்' என்று காற்று உள்ளே போனால் மூடியின் காற்றுத்துளைதான் அடைத்திருக்கிறது.

ஐப்பசி மழையில் தெருவில் நின்ற வண்டி என்றால், கார்ப்பரேட்டர் கிண்ணத்தின் அடியில் இருக்கும் டிரெய்ன் ஸ்க்ரூவைத் தளர்த்தி, வருகிற பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாகத் தங்கி நிற்கும். பல பிரச்சினைகள் இந்த இடத்திலேயே தீர்ந்துவிடும்.

மெதுவான ஓட்டத்தில் காற்று-பெட்ரோல் விகிதத்தை மாற்றும் ஏர் ஸ்க்ரூவில் இரண்டு தவறுகள். எத்தனை சுற்று வெளியே இருந்தது என்று எண்ணாமல் கழற்றுவது ஒன்று. திரும்பப் போடும்போது இறுக்கி முறுக்குவது இன்னொன்று. அதன் முனை ஊசிபோல இருக்கும், இறுக்கினால் உட்காரும் இடம் வெட்டுப்பட்டுவிடும். மெதுவாகத் தொடும்வரை உள்ளே விட்டு, எண்ணி வைத்த சுற்று அளவு வெளியே எடுங்கள். எண்ண மறந்திருந்தால் ஒன்றரைச் சுற்றில் ஆரம்பியுங்கள். ஸ்க்ரூ ஏர் ஃபில்டர் பக்கம் இருந்தால் அது காற்றைக் கட்டுப்படுத்துகிறது, வெளியே எடுக்க எடுக்கப் பெட்ரோல் விகிதம் குறையும். எஞ்சின் பக்கம் இருந்தால் நேர் எதிர். இது தெரியாமல் திருப்பித் திருப்பிக் குழம்புகிறவர்கள் நிறையப் பேர். டியூனிங்கையும் குளிர்ந்த எஞ்சினில் செய்யாதீர்கள். பத்து நிமிடம் ஓட்டி, சூடேறிய பிறகு செய்தால்தான் நிற்கும்.

ஐடிலிங் (ஆக்ஸிலேட்டரைத் தொடாதபோது ஓடும் ஓட்டம்) நிற்கவில்லை என்று ரேஸைக் கூட்டி வைத்துக்கொண்டே ஓட்டுவதும் தப்பு. ஸ்லோ ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது எஞ்சினோடு சேரும் ரப்பர் பைப்பில் வெடிப்பு இருக்கலாம். வண்டி ஐடிலிங்கில் ஓடும்போது அந்த இணைப்பில் கொஞ்சம் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். ஓட்டம் மாறினால் அங்கே காற்று இழுக்கிறது. இப்போது பங்கில் வரும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால் இருக்கிறது, பழைய ரப்பர் பாகங்கள் அதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. டியூபையும் ஓ-ரிங்கையும் தொட்டுப் பாருங்கள். பிசுபிசுத்தாலோ உப்பியிருந்தாலோ மாற்றிவிடுங்கள். கிளீனரில் ஊற வைக்கும்போது ரப்பரையும், கிண்ணத்தில் மிதந்து பெட்ரோல் வரத்தை நிறுத்தும் ஃப்ளோட்டையும் தனியே எடுத்துவிட வேண்டும். பஞ்சர் கடைக் காற்றை அடிக்கும்போதும் அப்படித்தான், அந்த அழுத்தத்தில் ஃப்ளோட் நசுங்கினால் பெட்ரோல் ஒழுகிக்கொண்டே இருக்கும்.

ஒன்றைக் கெஞ்சியே கேட்கிறேன். இந்த வேலையை வீட்டுக்குள், அடுப்போ சாமி விளக்கோ எரியும் இடத்தில் செய்யாதீர்கள். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போய்த் தீயைப் பிடிக்கும். டியூபை வாயில் வைத்து உறிஞ்சவும் கூடாது. நுரையீரலுக்குள் கொஞ்சம் இறங்கினாலே ஆபத்து.

எல்லாம் மாட்டி முடித்ததும் உடனே கிக்கரை உதைக்காதீர்கள். ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் மேலே ஏறும் ஸ்லைடில் வெட்டிய பக்கம் ஏர் ஃபில்டரைப் பார்த்து இருக்க வேண்டும், அதன் பள்ளம் உள்ளே உள்ள முளையில் சரியாக உட்கார்ந்திருக்க வேண்டும். மாறிப் போட்டால் ஆக்ஸிலேட்டர் திறந்தபடியே சிக்கிக்கொள்ளும். ஆக்ஸிலேட்டரை முழுக்க முறுக்கி விடுங்கள். 'டக்' என்று சத்தத்தோடு மூட வேண்டும். ஹேண்டில்பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்பி, மறுபடி முறுக்கி விடுங்கள். இரண்டு பக்கமும் அந்தச் சத்தம் கேட்ட பிறகு உதையுங்கள்.