ஆட்கள் வேலையில் இருக்கும்போதே ஏஎஸ்/400இல் புது ப்ரோகிராம் ஏற்றுவது

ஹட்டனில் எங்கள் ஆபீஸில் பல தோட்டங்களின் செக்ரோல், அதாவது தொழிலாளர் சம்பளக் கணக்கு, ஒரே ஐபிஎம் ஐ மெஷினில் ஓடுகிறது. எங்கள் வாயில் அது இன்னும் பழைய பெயரான ஏஎஸ்/400தான். போன மாதம் மேலதிகக் கிலோவுக்குக் காசு கணக்கிடும் ப்ரோகிராமை மாற்றி, கொழுந்து நிறுவையைப் பதிந்துகொண்டிருக்கும் நேரத்திலேயே ஏற்றிவிட்டேன். பக்கத்துப் பக்கத்து மேசையில் இரண்டு பேர். ஒரே கிலோவுக்கு இரண்டு தொகை!

கம்பைல் செய்யத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன். எடிட்டருக்கு விஎஸ் கோட் போதும். இந்த மெஷினின் ப்ரோகிராம் மொழியான ஆர்பிஜியை, 2015இல் வந்த முழு ஃப்ரீ வடிவில் எழுதினால், மெஷினோடு வரும் பழைய எடிட்டர் எஸ்இயூ வரிக்கு வரி பிழை காட்டும்.

1. சோதனை லைப்ரரியில் ஓட்டிப் பார்த்தபின், பழசுக்குப் பதில் புதுசை வைக்கும் ரீப்ளேஸுக்கு யெஸ் கொடுத்துக் கம்பைல் செய்யுங்கள். திரையையும் மாற்றியிருந்தால் பகலில் வேண்டாம். பழைய ப்ரோகிராம் புதுத் திரையைத் திறக்கப் போய் இரண்டின் அமைப்பும் பொருந்தவில்லை என்ற லெவல் செக் பிழையில், சிபிஎஃப்4131இல், நிற்கும்.

2. நான் சறுக்கியது இங்கேதான். பழைய ப்ரோகிராம் அழிவதில்லை. கியூ என்ற எழுத்தில் தொடங்கும் விளங்காத பெயரோடு கியூஆர்பிஎல்ஓபிஜே என்ற லைப்ரரிக்குப் போகிறது. அதற்குள் இருப்பவர்கள் அதிலேயே தொடர்கிறார்கள். 'பழசைத் துடைத்தால் எல்லோரும் புதுசுக்கு வந்துவிடுவார்கள்' என்று நினைத்து அந்த லைப்ரரியையே கிளியர் செய்தேன். கொஞ்ச நேரத்தில் ஒவ்வொரு திரையாக எம்சிஎச்3402, தேடும் பொருளே இல்லை என்ற பிழை. கால் வைத்திருந்த பலகையையே உருவிவிட்டேன். அதை நீங்கள் தொடாதீர்கள், மெஷினை அடுத்த தடவை ரீஸ்டார்ட் செய்யும்போது, அதாவது ஐபிஎல்லில், அதுவே துடைத்துவிடும்.

3. யார் பழசில் இருக்கிறார்கள்? ஆப்ஜெக்ட் லாக் பார்த்துப் பயனில்லை, ஓடும் ப்ரோகிராமுக்குப் பெரும்பாலும் லாக் இருக்காது. அந்த ஆளின் ஜாபை, அதாவது அவர் சைன் ஆன் செய்து ஓட்டும் வேலையைத் திறந்து 11ஐ அடியுங்கள். ஓடும் ப்ரோகிராம்களின் வரிசையான கால் ஸ்டாக்கில் லைப்ரரி கியூஆர்பிஎல்ஓபிஜே என்றிருந்தால் ஆள் பழசில்.

4. பிரேக் மெசேஜ் அனுப்பி சைன் ஆஃப் செய்யச் சொல்லுங்கள். நான் ஆங்கில எழுத்தில் தமிழை அடித்து அனுப்புவேன்: 'பதிந்ததை முடிச்சிட்டு 90 அடிச்சு வெளியே போய் வாங்க.' மெனுவுக்கு வந்து திரும்ப நுழைந்தால் போதாது. முடிந்துவிட்டது என்று சொல்லும் எல்ஆரைப் போடாமல் திரும்பிய ஆர்பிஜி ப்ரோகிராம் நினைவில் உட்கார்ந்திருக்கும், கால் ஸ்டாக்கிலும் தெரியாது. அதைக் கூப்பிடும் ப்ரோகிராமும் ஆர்பிஜி என்றால், அது முதல் தடவை பிடித்த பழைய ப்ரோகிராமின் முகவரியையே விடாது.

பின்சேர்ப்பு: பண்டாரவளையிலிருந்து ஒரு நண்பர் கேட்டார், 'அண்ணே, வெளியே போய் வந்தும் பழசுதானே வருது?' விசாரித்தால், அவருடைய ஆட்கள் 90 அடிக்கவே இல்லை. தேத்தண்ணிக்கு எழுந்து போன நேரத்தில் மெஷின் தானாக டிஸ்கனெக்ட் செய்திருக்கிறது. அதே திரையில் அதே பெயரில் வந்ததும் பழைய ஜாபையே திருப்பிக் கொடுத்திருக்கிறது. அந்த ஜாபை எவ்வளவு நேரம் வைத்திருப்பது என்பதைக் கியூடிஎஸ்சிஜேஓபிஐடிவி என்ற சிஸ்டம் செட்டிங் தீர்மானிக்கும். ஐபிஎம் வைத்து அனுப்புவது 240 நிமிஷம். உங்கள் மெஷினில் எவ்வளவு என்று ஏற்றுவதற்கு முன்னாலேயே பாருங்கள்.