நூறு கிலோ பழத்தில் நாலு கிலோ எங்கே போச்சு?

காவேரிப்பட்டணம் பக்கத்தில் ஒரு மாங்கூழ் ஆலையில் உற்பத்தி மேற்பார்வை என் வேலை. சீசனுக்குப் பாய்லர் பற்றவைத்துவிட்டால், அணைக்கும்வரை வீட்டில் என்னைப் பார்க்க முடியாது. மூன்று சீசனுக்கு முன்னால், ஜூன் நடுவில், நூறு கிலோ பெங்களூரா ரக மாம்பழத்துக்கு 55 கிலோ கூழ் வந்துகொண்டிருந்தது 51க்கு இறங்கிவிட்டது. நாளைக்கு 40 டன் ஓட்டுகிறோம். அதில் நாலு சதம் என்றால் 1,600 கிலோ, 3.1 கிலோ டின்னில் 516 டின். தினமும்.

அதை எப்படிப் பிடித்தோம் என்று எழுதுகிறேன். உங்களுடையது ஜவுளிக்கடையோ பால் பண்ணையோ, மாம்பழம் இருக்கிற இடத்தில் உங்கள் சரக்கை வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் நாள் கூடிப் பேசினோம். "மண்டியில அழுகல் கலக்கறாங்க" என்றார் முதலாளி. "பல்ப்பர் சல்லடை தேஞ்சுபோச்சு" என்றார் மெக்கானிக்; பழத்தைக் கூழாக்குகிற இயந்திரம்தான் பல்ப்பர். "காய் சரியாப் பழுக்கல சார்" என்றது ஆய்வகத்துப் பெண். கணக்கு அக்கா மட்டும், "நாலு இல்லீங்க, ஏழு குறையுது" என்றார். நாங்கள் சிரித்தோம். சிரித்திருக்கக் கூடாது. அவர் எடுத்தது கேட்டில் எடைமேடைக் கணக்கு. நான் எடுத்தது பழுத்த பிறகு லைனில் ஏறுகிற எடை. பழுக்கப் போட்ட நாலைந்து நாளில் காய் நீர் வற்றி எடை குறையும். ஒரே ஆலையில் இரண்டு பேர் இரண்டு பிரச்சினையைப் பற்றிச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம்.

அதனால் முதல் வேலை, ஒரு வரி எழுதுவது. எண் இருக்க வேண்டும், எங்கே அளந்தது, எப்போதிலிருந்து என்பது இருக்க வேண்டும். காரணமும் ஆள் பெயரும் இருக்கவே கூடாது. நாங்கள் சாக்பீஸில் எழுதியது: 'பழுத்த எடையில், ஜூன் 12 முதல், நூறு கிலோவுக்குக் கூழ் 55லிருந்து 51.' இதற்கே அரை நாள் ஆனது.

அடுத்து, காரணங்களை அடுக்க ஜப்பானியத் தர நிபுணர் இஷிகாவா சொன்ன மீன்முள் படம் போட்டோம். ஆள், இயந்திரம், சரக்கு, முறை என்று முள் முள்ளாக இருபத்துமூன்று காரணம் வந்தது. எல்லோரும் மனதில் இருந்ததைக் கொட்டிவிட்டார்கள், அதுவரை நல்லது. ஆனால் எந்த முள் தொண்டையில் சிக்கியிருக்கிறது என்று அந்தப் படம் சொல்லாது.

எங்களுக்குக் கைகொடுத்தது கிளை பிரிப்பு. மெக்கின்சி என்ற ஆலோசனை நிறுவனத்தில் வேலை பார்த்த பார்பரா மின்டோ பரப்பிய விதி ஒன்று உண்டு: கிளைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறக் கூடாது, எதுவும் விட்டும் போகக் கூடாது. எங்களுக்கு அது சுலபம், எடை பொய் சொல்லாது. ஆயிரம் கிலோ உள்ளே போனால் கூழ், கொட்டை, தோலும் சக்கையும், கழிவுப் பழம் என்று நாலாகத்தான் வெளியே வந்தாக வேண்டும். மூன்று நாள் எல்லாவற்றையும் நிறுத்தோம். நல்ல நாளில் 550, 160, 250, 40. இப்போது 510, 162, 288, 40. கழிவுப் பழம் அப்படியே 40. முதலாளியின் மண்டிக் கதை அதோடு முடிந்தது. (அவர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை.) போன கூழ் சக்கையில் இருக்கிறது.

சக்கையைக் கையில் அள்ளிப் பிழிந்தேன். வழக்கமாக நாராக, வறண்டு இருக்கும். அன்று வெளிறிய மஞ்சளில், தோலை விடாமல், கெட்டிச் சதை. பாதி பழுத்த பழம்.

எல்லாப் பழமும் அப்படியா? இங்கே பரேட்டோ பார்வை உதவும். சில காரணங்களே பெரும்பகுதி விளைவைத் தரும் என்பதற்கு இத்தாலியப் பொருளாதார அறிஞர் பரேட்டோவின் பெயரை வைத்தவர் தர நிபுணர் ஜூரான். வைக்கோல் மேல் போட்டிருந்த பதினாலு அடுக்கையும் தனித்தனியாக ஓட்டிப் பார்த்தோம். மூன்று அடுக்கு மட்டும் மோசம். மூன்றும் ராத்திரி இறங்கியவை.

அதற்குப் பிறகுதான் 'ஏன்'. டொயோட்டாவில் தாயிச்சி ஓனோ ஐந்து தடவை கேட்கச் சொன்னார். நின்றுபோன இயந்திரத்துக்கு ஃபியூஸ் மாற்றிவிட்டுப் போகாமல் கேட்டுக்கொண்டே போனால், எண்ணெய்ப் பம்பில் வடிகட்டி இல்லாததில் போய் நிற்கும் என்பது அவர் சொன்ன உதாரணம். இதில் ஒரு ஆபத்து உண்டு. 'ஏன்' என்பது நம் வாயில் 'யார்' என்று மாறிவிடும். மாறிய நிமிடத்தில் எதிரில் இருப்பவர் வாயை மூடிக்கொள்வார். நான் ராத்திரி பதினோரு மணிக்குப் போய், இறக்குகிற மேஸ்திரியோடு டீ குடித்துக்கொண்டே கேட்டேன்.

ஏன் பழம் பாதியில் நிற்கிறது? சந்தூர்க் காயும் பர்கூர்க் காயும் ஒரே அடுக்கில். ஒன்று முற்றல், ஒன்று இளசு, ஒரே நாளில் பழுக்காது. ஏன் கலக்கிறது? கிடைத்த இடத்தில் கொட்டுகிறார்கள். ஏன்? "லோடுக்குத்தானே சார் கூலி? தனித்தனியாப் போட்டா ரெண்டு லாரி கொறையும். புள்ளைங்களுக்கு என்ன சொல்றது?"

ஐந்து வரை போகவில்லை, மூன்றிலேயே நின்றுவிட்டது. அந்த சீசன் தொடக்கத்தில் நாள் கூலியை லோடு கூலியாக மாற்றியது நாங்கள்தான். ஜூன் 12 வாக்கில் லாரி குவிந்ததும் அதன் பலன் தெரிந்திருக்கிறது.

தீர்வை ஒரே அடியாக ஆலை முழுக்கக் கொண்டுபோகாதீர்கள். நாங்கள் ஒரு ஷெட்டில் மட்டும் ஒரு வாரம் பார்த்தோம். தோப்பு வாரியாக அடுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஊர், தேதி, மணி எழுதிய சிலேட்டு, பிரித்துப் போட்ட லோடுக்குக் கூலி கூடுதல். அந்த ஷெட் 54 கொடுத்தது, மற்றதெல்லாம் 51லேயே நின்றது. கூடுதல் கூலியையும் கூடுதல் டின்னையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது முதலாளி ஒன்றும் சொல்லாமல் கையெழுத்துப் போட்டார்.

55 திரும்ப வரவில்லை. அந்த ஒரு கிலோ சல்லடையில் போகிறது என்று மெக்கானிக் இன்னும் சொல்கிறார். இந்த சீசன் முடிந்ததும் அவர் கிளையைத்தான் நிறுக்கப்போகிறோம்.