இராமநாதபுரக் கடற்கரையின் பாதிப்புநிலை வரைபடம்: எடைகளைத் துகள் திரள் முறையால் செப்பனிடுவது எப்படி?

கடற்கரையின் எந்தப் பகுதி அரிப்புக்கும் புயலலைக்கும் எளிதில் ஆளாகும் என்பதை மதிப்பிட கியூஜிஐஎஸ் (வரைபடம் தயாரிக்க), பைத்தான் (கணக்கிட நிரல் எழுத) ஆகிய இரண்டு இலவச மென்பொருள்களே போதும். செயற்கைக்கோள் படங்களைத் தரவிறக்கத் தெரியும் என்று கொண்டு தொடங்குகிறேன்.

முதலில் கரையைத் துண்டுகளாகப் பிரியுங்கள். தொண்டி, தேவிபட்டினம் பக்கத்துப் பாக் நீரிணைக் கரை வாடைக் காலத்திலும், கீழக்கரை, வாலிநோக்கம் பக்கத்து மன்னார் வளைகுடாக் கரை தென்மேற்குப் பருவக்காற்றிலும் கொந்தளிப்பதால், இரண்டுக்கும் ஒரே அலை உயரத்தைக் கொடுக்கக் கூடாது. சதுரக் கட்டங்களைவிடக் கரைக்கோட்டின் வழியே வெட்டுவதையே பரிந்துரைக்கிறேன். தனுஷ்கோடியின் ஒடுங்கிய மணல்திட்டில் ஒரே சதுரத்துக்குள் வடகடலும் தென்கடலும் அகப்பட்டுவிடும்.

பிறகு நிலவமைப்பு, சரிவு, கரைக்கோட்டு மாற்றம், கடல்மட்ட உயர்வு, அலை உயரம், ஓத வீச்சு (ஏற்றவற்றத்தின் உயர வேறுபாடு) ஆகிய ஆறு காரணிகளுக்கும் ஒவ்வொரு துண்டிலும் 1 (குறைந்த பாதிப்பு) முதல் 5 (மிகுந்த பாதிப்பு) வரை மதிப்பெண் இடுங்கள். எஸ்ஆர்டிஎம் (விண்வெளியிலிருந்து ரேடாரால் அளந்த நில உயரம்) உயரத் தரவு முழு மீட்டர்களில் இருப்பதால், இந்தத் தட்டையான கரையில் சரிவு படிக்கட்டுப் போலத் தெரியும். அதை மென்மையாக்கிய பிறகே பயன்படுத்துங்கள்.

சிக்கல் எடைகளில்தான், அதாவது எந்தக் காரணிக்கு எவ்வளவு முக்கியத்துவம் என்பதில்தான். தாமஸ் சாட்டியின் படிநிலைப் பகுப்பாய்வு முறையில் காரணிகளை இரண்டிரண்டாக ஒப்பிட்டு 1 முதல் 9 வரை எண் தருகிறோம். நிலவமைப்பு சரிவைவிட 3 மடங்கு, சரிவு ஓதத்தைவிட 2 மடங்கு முக்கியம் என்றால், நிலவமைப்பு ஓதத்தைவிட 6 மடங்கு இருக்க வேண்டும். அங்கே 1/2 என்று எழுதினால், இந்த மூன்றின் ஒப்பீட்டு எண்களை வரிசைப்படுத்திய அணியில் இசைவு விகிதம் (ஒப்பீடுகள் ஒன்றோடொன்று எவ்வளவு முரண்படுகின்றன என்பதன் அளவு) 0.63 ஆகிறது, ஏற்கத்தக்க எல்லையோ 0.10.

இதைச் சரிசெய்ய, 1995இல் கென்னடியும் எபர்ஹார்ட்டும் பறவைக் கூட்டத்தின் இயக்கத்தைப் பார்த்து வடித்த துகள் திரள் முறையைக் கையாளலாம். இதில் பல தீர்வுகள் துகள்களாகத் தேடலில் இறங்கி, தாமும் கூட்டமும் கண்ட சிறந்த தீர்வை நோக்கி நகர்கின்றன. ஆறு காரணிகளின் அணியில் மேல்முக்கோணத்திலுள்ள 15 எண்களே ஒரு துகள். கீழ்முக்கோணம் அவற்றின் தலைகீழ். இசைவு விகிதத்தைக் குறைப்பதை மட்டும் இலக்காக வைத்தால், எல்லா எண்களையும் 1 ஆக்கினாலே விகிதம் சுழியாகிவிடும். கேட்டறிந்த வல்லுநர் கருத்து முழுவதும் அழிந்துபோகும். ஆகவே மூல எண்களிலிருந்து விலகும் அளவைக் குறைப்பதே இலக்காகவும், 0.10ஐத் தாண்டுவது தண்டனைக்குரியதாகவும் இருக்கட்டும். விலகலை மடக்கையில் அளந்தால்தான் 3க்கும் 1/3க்கும் சம மதிப்புக் கிடைக்கும். தீர்வுகளைக் கலந்தும் மாற்றியும் தேடும் மரபணு நெறிமுறையும் இதைச் செய்யும் என்றாலும், தொடர்ச்சியான எண்களுக்குத் துகள் திரளே எளிது என்பது என் கருத்து.

கிடைத்த அணியிலிருந்து வரும் எடைகளை மதிப்பெண்களோடு பெருக்கிக் கூட்டினால் ஒவ்வொரு துண்டுக்கும் பாதிப்புக் குறியீடு வந்துவிடும். அதை வகுப்புகளாகப் பிரித்து, வகுப்புக்கொரு நிறமிட்டால் வரைபடம் தயார்.

பின்சேர்க்கை: இரு கரைகளின் வரைபடங்களையும் அருகருகே வைத்தபோது நிறங்கள் பொருந்தவில்லை என்று வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். வகுப்பு எல்லைகளைக் கரைக்கொன்றாகப் பிரித்ததே காரணம். அலை உயரம் தனித்தனியாக இருந்தாலும், வகுப்பு எல்லைகளை எல்லாத் துண்டுகளையும் ஒன்றாக வைத்தே கணக்கிட வேண்டும்.