தமிழ் வழியாக ஜப்பானியம்: வகுப்புக்கு வேண்டிய அட்டைகள்

கோவை, திருப்பூர் பக்கம் ஜப்பானிய வகுப்பு தொடங்குகிறவர்களுக்குப் பாடநூல் ஒரு பிரச்சினையே இல்லை. ஜப்பான் அரசின் பண்பாட்டு அமைப்பான ஜப்பான் ஃபவுண்டேஷனின் ‘இரோதோரி’ நூலும் ஒலிக்கோப்புகளும் இணையத்தில் இலவசம். ஜப்பானிய மொழித் திறன் தேர்வின் தொடக்க நிலையான என்5தான் குறி என்றால் 25 பாடங்கள் கொண்ட ‘மின்னா நோ நிஹோங்கோ’ முதல் தொகுதி போதும். தமிழ் நாக்குக்கும் காதுக்கும் ஏற்ற துணைப்பொருளை மட்டும் நாமேதான் செய்துகொள்ள வேண்டும்.

ஜப்பானியத்தின் அடிப்படை எழுத்து முறையான ஹிராகானாவின் 46 எழுத்துக்கு ஏ4 அட்டை 12, ஒவ்வொன்றையும் நான்காக வெட்டுங்கள். எழுத்துருவில் கவனம் தேவை. பல அச்செழுத்துகளில் ‘கி’, ‘ச’ இரண்டின் கடைசி வளைவும் மேலே ஒட்டியிருக்கும், கையெழுத்தில் பிரிந்திருக்கும். ‘யூடி டிஜி கியோகாஷோ’ போன்ற பாடநூல் எழுத்துருவில் அடித்து, பிடிஎஃப் ஆக்கியே ஜெராக்ஸ் கடைக்குக் கொடுங்கள். இல்லாவிட்டால் எழுத்துரு மாறிப்போகும்.

அட்டையின் பின்புறம் தமிழில் உச்சரிப்பு எழுதவே வேண்டாம். k, g இரண்டுக்கும் நமக்கு ஒரே ‘க’, t, d இரண்டுக்கும் ஒரே ‘த’. ‘ககி’ என்று எழுதினால் சாவியா (kagi), சிப்பியா (kaki)? ‘தென்கி’ வானிலையா (tenki), மின்சாரமா (denki)? இத்தகைய ஜோடிகளை ஒலியாகப் போட்டு, சரியான படத்தைத் தூக்கச் சொல்லுங்கள். குறில் நெடிலுக்கு நேரம் செலவிட வேண்டாம். ‘ஒபசன்’ அத்தை, ‘ஒபாசன்’ அமுச்சி (பாட்டி): நம் பிள்ளைகள் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இலக்கணத்தை ஆங்கிலம் வழியாகச் சுற்றிக்கொண்டு போகாதீர்கள். நீளக் காகிதப் பட்டையில் ‘காந்திபுரத்திலிருந்து உக்கடம் வரை பஸ்ஸில் போகிறேன்’ என்று எழுதி, ‘இருந்து’வுக்குக் கீழே ‘கர’, ‘வரை’க்குக் கீழே ‘மதெ’, ‘இல்’லுக்குக் கீழே ‘தெ’ ஒட்டுங்கள், ஜப்பானிய எழுத்திலேயே. வரிசை அப்படியே பொருந்தும். வினையெச்சம் இன்னும் அருமை: சாப்பிட்டுப் பார் ‘தபெதெ மிரு’, வாங்கி வை ‘கத்தெ ஒகு’.

தமிழ் காலை வாரும் இடம் ‘இரு’. ஜப்பானியத்தில் ஆள், விலங்குக்கு ‘இரு’, பொருளுக்கு ‘அரு’. ஒலி ஒன்றாக இருப்பதால் பேனாவுக்கும் ‘இரு’ போட்டுவிடுவார்கள். காங்கயம் காளை, தறி, மோட்டார், தென்னை என 20 படம் கலந்து வையுங்கள். தென்னைக்கு உயிர் உண்டே என்பார்கள், தாவரத்துக்கு ‘அரு’தான்.

பிறமொழிச் சொற்களை எழுதும் கதகானாவில் ‘ஷி’யும் ‘ட்சு’வும், ‘சொ’வும் ‘ன்’னும் குழப்பும். ‘ஷி’, ‘ன்’ இரண்டிலும் நீளக் கோடு கீழிருந்து மேலே ஏறும். மற்ற இரண்டிலும் மேலிருந்து இறங்கும். பயிற்சிக்குத் திருப்பூர் சரக்கே போதும்: சட்டை ‘ஷட்சு’, தையல் மிஷின் ‘மிஷின்’, சாக்ஸ் ‘சொக்குசு’. இந்த மூன்று சொல்லிலேயே நான்கு எழுத்தும் வந்துவிடும். ‘சொக்குசு’வில் ‘க்’ இரட்டிப்பதைக் காட்ட ‘ட்சு’வைச் சிறிதாக எழுத வேண்டும்.