மூன்று ஓடுகள், ஒரு பட்டாணி: செப்பிடு வித்தையைக் கற்கும் முறை

செப்பு என்றால் சிறு கிண்ணம். கிண்ணங்களைக் கவிழ்த்து வைத்து, அவற்றின் அடியில் ஒரு மணியை மறையவும் தோன்றவும் செய்கிற வித்தையை எண்ணினால், கண்கட்டுக்கெல்லாம் பொதுப் பெயராக நம் மொழி வழங்கும் 'செப்பிடு வித்தை' என்ற சொல் எவ்வளவு பொருத்தமானது என்பது விளங்கும். கிண்ணமும் கூழாங்கல்லும் கொண்டு செய்யப்படும் இந்த வித்தையை முதலாம் நூற்றாண்டிலேயே ரோமானியத் தத்துவஞானி செனகா தம் கடிதம் ஒன்றில் குறிப்பிட்டிருக்கிறார். ஏமாற்றப்படுவதில்தான் அதன் இன்பம் இருக்கிறது என்றும், எப்படிச் செய்யப்படுகிறது என்று தெரிந்துவிட்டால் தமக்கு ஆர்வம் போய்விடும் என்றும் அவர் எழுதினார். இதில் எனக்கு உடன்பாடில்லை. செய்முறை தெரிந்த பிறகுதான், தேர்ந்த கை ஒன்றைப் பார்ப்பதன் முழு இன்பமும் கிடைக்கிறது என்பது என் அனுபவம். அந்தச் செய்முறையை, கிண்ணங்களுக்குப் பதிலாக வால்நட் ஓடுகளைக் கொண்டு, தொடக்கத்திலிருந்து இங்கே விளக்குகிறேன்.

தேவையானவை மூன்று வால்நட் அரை ஓடுகள், ஒரு சிறு பட்டாணி, ஒரு தடித்த துணி. பட்டாணி என்று பெயர்தானே தவிர, உண்மையான உலர்ந்த பட்டாணி இதற்கு உதவாது. அழுத்தினால் நசுங்கி, விட்டால் பழைய வடிவத்துக்குத் திரும்புகிற மென்மையான ரப்பர் அல்லது ஸ்பாஞ்ச் உருண்டையே வேண்டும். அது ஓட்டின் குழிவுக்குள் தாராளமாக உருளும் அளவில் இருக்கட்டும். மூன்று ஓடுகளும் நிறத்திலும் அளவிலும் ஏறத்தாழ ஒன்றுபோல இருக்க வேண்டும். ஓட்டின் ஒரு முனையில் விளிம்பை உப்புத்தாளால் மிக லேசாகத் தேய்த்து, கண்ணுக்கு எளிதில் தெரியாத ஒரு வளைவை உண்டாக்கிக்கொண்டால் வேலை எளிதாகும். துணியைப் பலர் அலட்சியம் செய்கிறார்கள். வித்தையில் பாதியைத் துணிதான் செய்கிறது. வழவழப்பான மேசையில் ஓட்டைத் தள்ளினால், பின்விளிம்பு பட்டாணியில் மோதி அதையும் கூடவே இழுத்துச் செல்லும். கம்பளிபோன்ற அடர்த்தியான துணியிலோ பட்டாணி சற்றே அமுங்கி நின்றுவிடும், ஓடு அதன் மேல் ஏறிக் கடந்துவிடும்.

இந்தக் கடத்தல்தான் வித்தையின் உயிர்நாடி என்பதால், இதை நிதானமாகப் பார்ப்போம். பட்டாணியின் மேல் ஓட்டைக் கவிழ்த்து வையுங்கள். தேய்த்த முனை உங்களை நோக்கி இருக்கட்டும். கட்டைவிரல் ஓட்டின் ஒரு பக்கத்திலும் நடுவிரல் மறுபக்கத்திலும் தொட, ஆள்காட்டி விரல் ஓட்டின் முதுகில் மெல்லப் படிந்திருக்கட்டும். இப்போது கட்டைவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையே, ஓட்டின் பின்புறத்தில், ஒரு சிறு பொந்துபோன்ற இடம் இருப்பதைக் காண்பீர்கள். ஓட்டை ஒரு சாண் தூரம் எதிர்ப்பக்கமாக, அதாவது பார்ப்பவரை நோக்கித் தள்ளுங்கள். தள்ளத் தொடங்கியதும் பட்டாணி பின்விளிம்பைத் தொடும், விளிம்பின் அடியில் நசுங்கி வெளியேறும், நேராக அந்தப் பொந்துக்குள் வந்து நிற்கும். இரு விரல்களின் சதைப்பகுதியும் ஒன்றை ஒன்று நெருங்க, பட்டாணி அவற்றிடையே சிக்கிக்கொள்ளும். ஓட்டை அங்கேயே விட்டுவிட்டுக் கையை இயல்பாக எடுத்தால், பட்டாணியும் கையோடு வந்துவிடும். நீங்கள் ஓட்டைத் தூக்கவில்லை. பட்டாணியைத் தேடிப் பிடிக்கவும் இல்லை. ஓடு நகர்ந்தது, அவ்வளவுதான்.

பட்டாணியை வேறோர் ஓட்டுக்குள் சேர்ப்பது இதே அசைவைத் திருப்பிச் செய்வதாகும். விரல்களுக்கிடையே பட்டாணி இருக்க, அதே பிடியில் இன்னோர் ஓட்டைப் பிடித்து உங்களை நோக்கிச் சற்று இழுத்தால், பின்விளிம்பு பட்டாணியின் மேல் ஏறி அதை உள்ளே வாங்கிக்கொள்ளும். விரல்களைத் தளர்த்துவதற்கு உரிய கணம் அதுதான். முன்னே தள்ளினால் வெளியேறும், பின்னே இழுத்தால் உள்ளேறும் என்ற இந்த ஒற்றை விதி கைக்குப் பழகிவிட்டால், மீதியெல்லாம் அரங்கேற்றம்தான்.

தெருவோரத்தில் இதையே பந்தய ஆட்டமாக நடத்துபவனிடம் யாரும் ஏன் வெல்ல முடிவதில்லை என்பதும் இதிலிருந்து விளங்கும். மூன்று ஓடுகளில் ஒன்றைத் தேர்வதால் மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பாவது இருக்கும் என்று பந்தயம் கட்டுபவர் கணக்குப் போடுகிறார். ஆனால் அவர் விரலை நீட்டும் வேளையில் எந்த ஓட்டின் அடியிலும் பட்டாணி இருப்பதில்லை, அது ஆட்டக்காரனின் கையில் இருக்கிறது. சுற்றி நின்று வெல்வதுபோல் நடிப்பவர்கள் அவனுடைய கூட்டாளிகள். கண் எவ்வளவு கூர்மையானாலும் இல்லாத பொருளைக் காட்டித் தர முடியாது. நாம் கற்பது வேடிக்கைக்கு. இதைக் காட்டி ஒரு காசுகூட வாங்கக் கூடாது என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

பயிற்சியைப் பட்டாணி இல்லாமல் தொடங்குங்கள். வெற்று ஓட்டை அதே பிடியில் நூறு முறை தள்ளிப் பாருங்கள். உங்கள் கை இயல்பாக எந்த வேகத்தில் செல்கிறது, எங்கே நிற்கிறது, எப்படி விலகுகிறது என்பதைக் கவனியுங்கள். அதன் பிறகு பட்டாணியை வைத்துத் தள்ளும்போது, அந்த வெற்றுத் தள்ளலுக்கும் இதற்கும் துளியும் வேறுபாடு இல்லாத நிலையை எட்ட வேண்டும். கைநுட்பம் என்றால் வேகம் என்று பலர் எண்ணுகிறார்கள். வேகம் ஐயத்தையே வளர்க்கும். களவான அசைவும் களங்கமற்ற அசைவும் ஒன்றுபோல இருப்பதுதான் நுட்பம். நான் கற்ற காலத்தில் என்னைக் காட்டிக்கொடுத்தது கட்டைவிரல் நகம். பட்டாணியைத் தேவைக்கு மேல் இறுக்கியதால், நகத்தின் நுனி வெளிறிப்போகும். பக்கத்தில் அமர்ந்திருந்த ஒரு சிறுமி ஓடுகளைப் பார்க்காமல் அந்த நகத்தையே சுட்டிக்காட்டினாள். பட்டாணியை நழுவாமல் வைத்திருக்க, ஒரு பூவைப் பிடிக்கும் அழுத்தமே போதும் என்பதை அன்றுதான் புரிந்துகொண்டேன். இன்னொன்று, கண்ணாடியின் முன் மட்டும் பயிற்சி செய்யாதீர்கள். கடத்தும் கணத்தில் நம்மையறியாமல் கண்ணைச் சிமிட்டிவிடுவோம், ஆகவே நம் பிழை நமக்கே தெரியாமல் போகும். கைப்பேசியில் படம் பிடித்துப் பார்த்தால் அந்தச் சிமிட்டலும் சேர்ந்தே தெரியும்.

கை தேறிய பிறகு, கவனத்தைத் திருப்பும் கலைக்கு வருவோம். பார்ப்பவரின் கண்ணை வேறு பக்கம் இழுப்பதே கவனத் திருப்பம் என்பது பாதி உண்மைதான். 1999இல் டேனியல் சைமன்ஸ், கிறிஸ்டோபர் சாப்ரிஸ் என்ற உளவியலாளர்கள் வெளியிட்ட ஆய்வில், பந்தை எத்தனை முறை கைமாற்றுகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர், ஆட்டத்தின் நடுவே கொரில்லா வேடமணிந்த ஒருவர் நடந்து சென்றதைக் கவனிக்கவே இல்லை. கண் திறந்திருந்தது, மனம் வேறு வேலையில் இருந்தது. 'எந்த ஓடு எங்கே போகிறது' என்று பின்தொடரும் வேலையைப் பார்ப்பவருக்கு நாம் கொடுப்பதும் இதற்காகத்தான். அவர் ஓட்டை எண்ணிக்கொண்டிருக்கும் வரை விரல்களின் பின்புறத்தை எண்ண மாட்டார்.

பார்வையின் ஆற்றலை இன்னும் தெளிவாகக் காட்டியது, 2006இல் குஸ்டாவ் குன், மைக்கேல் லாண்ட் இருவரும் வெளியிட்ட ஆய்வு. வித்தைக்காரர் பந்தை இருமுறை மேலே எறிந்து பிடித்து, மூன்றாவது முறை எறிவதுபோல் பாவனை மட்டும் செய்தார். அவருடைய கண்களும் இல்லாத பந்தைத் தொடர்ந்து மேலே சென்றபோது, பார்த்தவர்களில் சுமார் மூன்றில் இரண்டு பங்கினர் பந்து மேலே போனதாகவே கண்டார்கள். அவர் தம் கையைப் பார்த்தபடி நின்றபோது அப்படிக் கண்டவர்கள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினராகக் குறைந்தார்கள். ஆகவே நமக்கான பாடம் நேரானது: பட்டாணி கையில் இருக்கும்போது கையைப் பார்க்காதீர்கள், பட்டாணி எங்கே இருப்பதாக அவர்கள் நம்ப வேண்டுமோ, அந்த ஓட்டைப் பாருங்கள். அதுவும் நடிப்பாகப் பார்க்காமல், பட்டாணி உண்மையிலேயே அங்கே இருப்பதாக நீங்களே நம்பிப் பாருங்கள்.

உடலசைவுகளிலும் ஓர் ஒழுங்கு உண்டு. பெரிய அசைவு சிறிய அசைவை மறைக்கும். வளைந்து செல்லும் கையைக் கண் தொடர்ந்துகொண்டே போகும். நேர்கோட்டில் செல்லும் கையை விட்டுவிட்டுத் தொடங்கிய இடத்துக்கே தாவித் திரும்பும் போக்கு அதற்கு உண்டு. எனவே, பட்டாணி இல்லாத கை வில்லைப்போல வளைந்து சென்று ஓர் ஓட்டைச் சரிசெய்யட்டும், பட்டாணியுள்ள கை குறுகிய தூரத்தில் அடங்கி இருக்கட்டும். இவற்றையெல்லாம்விட வலிமையானது தளர்வுக் கணம். பார்ப்பவர் சரியாகச் சொல்லிவிட்டுச் சிரிக்கும்போதும், நீங்கள் அவர் முகத்தைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டு அவர் நிமிரும்போதும், வித்தை முடிந்துவிட்டது அல்லது இன்னும் தொடங்கவில்லை என்று மனம் ஓய்வெடுக்கிறது. கடத்தலை அங்கே வையுங்கள். அமெரிக்க வித்தைக்காரர்களான பென், டெல்லர் இருவரும் கிண்ண வித்தையை ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் கிண்ணங்களைக் கொண்டே செய்து காட்டுகிறார்கள். எல்லாம் வெளிப்படையாக நடந்தும் பார்ப்பவரால் முழுமையாகப் பின்தொடர முடிவதில்லை என்றால், அதற்கு இந்தக் காலக்கணக்கே காரணம்.

முழு நிகழ்ச்சியை மூன்று சுற்றுகளில் முடித்துக்கொள்வது நல்லது. முதல் சுற்றில் எந்தக் களவும் வேண்டாம்; பட்டாணியை நடு ஓட்டில் வைத்து, மெதுவாக இடம் மாற்றி, அவர்களைச் சரியாகச் சொல்லவிடுங்கள். அந்த வெற்றிதான் 'நம் கண் போதும்' என்ற நம்பிக்கையை விதைக்கிறது. இரண்டாம் சுற்றில், பட்டாணியுள்ள ஓட்டை முன்னே தள்ளும்போதே அதை எடுத்துவிட்டு, அதன் பிறகு இடம் மாற்றுங்கள். கடத்தலுக்கும் திறந்து காட்டுவதற்கும் இடையே எவ்வளவு நேரம் செல்கிறதோ, அந்த அளவுக்கு அவர்களுடைய நினைவு கடத்தலின் பக்கம் போகாது. அவர் ஓர் ஓட்டைச் சுட்டியதும், 'உறுதியாகவா?' என்று முகம் பார்த்துக் கேட்டுக்கொண்டே வேறோர் ஓட்டைப் பின்னே இழுத்து ஒழுங்குபடுத்துங்கள். பட்டாணி அதற்குள் சேர்ந்துவிடும். அவர் சுட்டிய ஓட்டை அவரே திறக்கட்டும். மூன்றாம் சுற்றில் ஓர் ஓட்டை அவர் உள்ளங்கையால் மூடிக்கொள்ளச் செய்தால், முடிவு இன்னும் அழுத்தமாக விழும்.

அமரும் இடத்தை மட்டும் முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள். பட்டாணி எப்போதும் ஓட்டின் பின்புறமாகவே வெளிவருவதால், எதிரே இருப்பவர்களுக்கு எதுவும் தெரியாது. தோளுக்குப் பின்னால் நிற்பவருக்கு எல்லாமே தெரியும். சுவரை முதுகுக்குப் பின்னால் வைத்து அமர்வது எளிய வழி. ஒரே கூட்டத்துக்கு இதை மறுபடியும் காட்டச் சொல்லிக் கேட்டால், பட்டாணியை அவர்களுடைய கையிலேயே கொடுத்து ஓடுகளைப் பரிசோதிக்கச் சொல்லிவிட்டு, வேறொரு வித்தைக்குப் போய்விடுங்கள்.