கோல்டு ஏர் இன்டேக்கை நாமே செய்வது: குழாய் வாங்கும் முன் காற்று எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள்

கோல்டு ஏர் இன்டேக் என்றால் இன்ஜின் சூட்டைத் தொடாத வெளிக்காற்றை இன்ஜினுக்குக் கொண்டுவரும் குழாய் அமைப்பு. நான் ஏசி டக்ட் (காற்று போகும் தகட்டுக் குழாய்) அடிக்கிறவன். தகடு வெட்டி, மடித்து, காற்றை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குக் கொண்டுபோவதுதான் இருபது வருடமாக என் பிழைப்பு. அதனால் என் பழைய மாஸ்டா எம்எக்ஸ்-5 காரின் பானெட்டை முதல் முறை திறந்தபோதே ஒரு விஷயம் கண்ணில் உறுத்தியது. அது முதல் தலைமுறை 1.6 லிட்டர் கார். ஏர் பாக்ஸ் (ஃபில்டர் இருக்கும் பெட்டி) இருக்கும் பக்கத்திலேயே எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் (சூடான புகை வெளியேறும் குழாய்) இருக்கிறது. அடுப்படியில் உட்கார வைத்து ஒருவனை மூச்சிரைக்க ஓடச் சொல்கிற மாதிரி. அன்றைக்கு ஆரம்பித்த வேலை இது. மூன்று தடவை பிரித்து மூன்று தடவை பூட்டினேன். அதில் கற்றதை அப்படியே சொல்கிறேன்.

காற்று சூடானால் என்ன நஷ்டம்? 20 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றின் எடை ஏறத்தாழ 1.2 கிலோ. 60 டிகிரியில் அதே ஒரு கன மீட்டர் 1.06 கிலோதான். சிலிண்டரின் கொள்ளளவு மாறுவதில்லை. அதற்குள் போகிற ஆக்சிஜன் மட்டும் சுமார் 12 சதவீதம் குறைந்துவிடுகிறது. போதாததற்கு, சூடான காற்று நாக்கிங்கையும் (பெட்ரோல் கலவை தாறுமாறாக எரிந்து இன்ஜினைத் தட்டுவது) கூட்டும். நாக் சென்சார் உள்ள கார்களில் இசியூ (இன்ஜினை இயக்கும் கணினி) ஸ்பார்க் அடிக்கும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளும், அதிலும் கொஞ்சம் சக்தி போகும்.

இதைக் கேட்டவுடன் பலர் செய்வது, ஏர் பாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு, பானெட்டுக்குள்ளேயே ஒரு கூம்பு ஃபில்டரை மாட்டுவது. நானும் முதலில் அதைத்தான் செய்தேன். உறுமல் அருமையாக இருந்தது, கார் பறப்பது போலவும் தோன்றியது. பிறகு ஃபில்டர் வாயில் தெர்மோகப்பிள் (வெப்பம் அளக்கும்) கம்பியை ஒட்டிப் பார்த்தேன். வெளியே 31 டிகிரி. நெரிசலில் பத்து நிமிடம் ஊர்ந்த பிறகு ஃபில்டர் வாயில் 66. கம்பெனி பாக்ஸ் இருந்தபோது சாலையில் சீராக ஓட்டினால் 41தான் இருந்தது. நான் பூட்டியது சத்தத்தை மட்டும்தான் கூட்டியிருந்தது.

ஆகவே எதையும் வெட்டும் முன் அளந்துவிடுங்கள். இரண்டு அளவு வேண்டும்.

ஒன்று வெப்பநிலை. கே-டைப் புரோப் (தெர்மோகப்பிளில் ஒரு வகை) வரும் சாதாரண மல்டிமீட்டர் போதும். புரோப் முனை எந்த உலோகத்தையும் தொடாமல் காற்றில் நிற்க வேண்டும், தொட்டால் தகட்டின் சூட்டைத்தான் காட்டும். ஓபிடி-2 (ஸ்கேனரை மாட்டி இசியூவைப் படிக்கும் வசதி) உள்ள காராக இருந்தால் இன்டேக் டெம்பரேச்சரை ஸ்கேனரிலேயே படித்துவிடலாம்.

இரண்டாவது அழுத்த இழப்பு, அதாவது வழியில் உள்ள தடைகளால் காற்று இழக்கும் அழுத்தம். இதை அளக்க எங்கள் தொழிலில் இருக்கும் பழைய வித்தை போதும். உள்ளே இருப்பது தெரிகிற இரண்டரை மீட்டர் பிளாஸ்டிக் ஓஸை U வடிவில் வளைத்து ஒரு பலகையில் கட்டுங்கள். பக்கத்தில் ஒரு ஸ்கேலை ஒட்டி, சாயம் கலந்த தண்ணீரை U-வின் இரு கையிலும் பாதி உயரம் வரை ஊற்றுங்கள். ஒரு முனை காருக்குள் திறந்திருக்கட்டும், மறு முனை இன்டேக்கில் போட்ட சின்னத் துளைக்குப் போகட்டும். இரு பக்கத்துத் தண்ணீர் மட்டமும் 1 செ.மீ. வேறுபட்டால் 98 பாஸ்கல் இழப்பு என்று அர்த்தம். ஓஸின் கைகள் குறைந்தது 60 செ.மீ. உயரம் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் இன்ஜின் அந்தத் தண்ணீரை உறிஞ்சிவிடும். கார் ஜன்னல்கள் எல்லா ஓட்டத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும்.

வண்டி நடமாட்டமில்லாத சாலையில் மூன்றாவது கியரில் முழு ஆக்சிலரேட்டர் கொடுத்தேன். தம்பி பலகையை மடியில் வைத்துப் படித்தான். "அண்ணா, ஏறுது... ஏறுது... இருபத்தஞ்சு!" பிறகு துளையை இடம் மாற்றி மாற்றி அளந்தோம். காற்றை அளக்கும் மீட்டரில் 11 செ.மீ., பாக்ஸுக்குள் காற்று நுழையும் மூக்குக் குழாயில் 7, ஃபில்டரில் வெறும் 3, மீதிக் குழாயில் 4. எல்லாரும் காசைக் கொட்டுகிற ஃபில்டர்தான் என் காரில் மிகக் குறைவாகத் தடுத்தது. உங்கள் காரில் கணக்கு வேறாக இருக்கும். அதனால்தான் அளக்கச் சொல்கிறேன்.

அடுத்து, மூச்சை எங்கிருந்து எடுப்பது. ரேடியேட்டருக்கு முன்னால், பம்பர் வாய்க்குப் பின்னால் இருக்கும் இடம்தான் நல்ல இடம். அங்கே காற்று இன்னும் எந்தச் சூட்டையும் தொடவில்லை. வேகத்தில் போகும்போது காற்று உள்ளே திணியுமே, அதனால் பெரிய லாபம் வராதா என்று கேட்பார்கள். 100 கி.மீ. வேகத்தில் கிடைக்கிற மொத்தத் தள்ளுவிசை சுமார் 460 பாஸ்கல், வளிமண்டல அழுத்தத்தில் அரை சதவீதத்துக்கும் கீழே. நமக்கு வேண்டியது குளிர்ச்சி மட்டும்தான்.

இந்த இடத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். குளிர்ந்த காற்று கிடைக்கிறது என்று ஃபில்டரைப் பம்பரின் அடியில் தொங்கவிடாதீர்கள். தேங்கிய தண்ணீரில் ஒரு தடவை ஃபில்டர் மூழ்கினால் போதும். தண்ணீரை அமுக்க முடியாது, மேலே வருகிற பிஸ்டன் அதில் முட்டி கனெக்டிங் ராடு வளைந்துவிடும். கம்பெனி மூக்குக் குழாய் எந்த உயரத்தில் இருந்ததோ, உங்கள் குழாயின் வாயும் அதற்குக் கீழே போகக் கூடாது. மழையும் தெறிக்கும் தண்ணீரும் வடிய பாக்ஸின் அடித்தட்டில் 6 மி.மீ. துளை ஒன்று போடுங்கள்.

குழாய் எவ்வளவு அகலம்? என் இன்ஜின் 7000 ஆர்பிஎம்மில் விநாடிக்கு ஏறத்தாழ 84 லிட்டர் காற்று இழுக்கும். 63 மி.மீ. குழாயில் அது விநாடிக்கு 27 மீட்டர் வேகம், 76 மி.மீ. குழாயில் 18.5 மீட்டர். 27 மீட்டர் வேகத்தில் ஒரு கூர்மையான முழங்கை வளைவு கிட்டத்தட்ட 5 செ.மீ. தண்ணீர் அளவு அழுத்தத்தை விழுங்கும். குழாய் விட்டத்தைப்போல் ஒன்றரை மடங்கு ஆரத்தில் வழுவழுப்பாக வளைத்தால் அது ஒரு செ.மீ. அளவுக்கு இறங்கிவிடும். குழாயைப் பெரிதாக்குவதைவிட வளைவை நிதானமாகக் கொடுப்பதுதான் பலன். த்ராட்டில் பாடி (ஆக்சிலரேட்டரை மிதித்தால் காற்றுக்குத் திறக்கும் வால்வு) வாயின் அளவுக்குக் குழாய் எடுத்தால் போதும்.

ஹாட் வயர் மாஸ் ஏர் ஃப்ளோ சென்சார் (சூடான கம்பியால் காற்றை அளக்கும் சென்சார்) உள்ள காராக இருந்தால் இதில் கூடுதல் கவனம் வேண்டும். சென்சார் அளப்பது அதன் கம்பியைத் தொட்டுப்போகிற காற்றை மட்டும்தான். குழாயின் குறுக்களவு இவ்வளவு என்று இசியூவுக்கு ஏற்கெனவே சொல்லி வைத்திருப்பதால், அது அங்கிருந்து மொத்தத்தைக் கணக்குப் போடுகிறது. 70 மி.மீ. கூட்டிலிருந்த சென்சாரைப் பிடுங்கி 76 மி.மீ. குழாயில் வைத்தால், அதே காற்றை அது சுமார் 15 சதவீதம் குறைவாகப் படிக்கும். பெட்ரோலும் அந்த அளவுக்குக் குறையும். மெதுவாக ஓட்டும்போது, புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்க்கும் ஆக்சிஜன் சென்சார் இதைச் சரிக்கட்டிவிடும். முழு ஆக்சிலரேட்டரில் பெரும்பாலான கார்கள் அதன் பேச்சைக் கேட்பதில்லை, பெட்ரோல் போதாமல் சூடேறி, சரியாக அந்த நேரத்தில்தான் பிஸ்டன் உருகும். அதனால் சென்சாரை அதன் கூட்டோடு, அம்புக்குறி காட்டும் திசையிலேயே வையுங்கள். முன்னால் முடிந்தவரை நீளமான நேர்குழாய் விடுங்கள். வளைவை ஒட்டி வைத்தால் காற்று ஒரு பக்கமாகச் சாய்ந்து வந்து அளவைக் கெடுக்கும். எண்ணெய் தடவும் ஃபில்டரும் இந்த வகைக் காருக்கு வேண்டாம். அதிகமான எண்ணெய் கம்பியில் படிந்துவிடும். உலர் வகையே நல்லது.

இனி தகட்டு வேலை. முதலில் அட்டையில் செய்யுங்கள். தடித்த அட்டையை வெட்டி, ஃபில்டரைச் சுற்றி ஒரு பெட்டி வடிவம் வருகிற வரை மடித்து ஒட்டி, பானெட்டை மூடித் திறந்து பாருங்கள். எனக்கு நான்கு அட்டை போயிற்று. பானெட் இடிக்கிறதா என்று தெரிய, மேல் ஓரத்தில் களிமண் உருண்டைகளை வைத்து மூடினேன். எங்கே நசுங்கியதோ அங்கே வெட்டினேன். அட்டை சரியான பிறகு அதை 1.5 மி.மீ. அலுமினியத் தகட்டில் வரைந்து வெட்டி, மடித்து ரிவெட் அடித்தேன். வெட்டிய ஓரம் எல்லாவற்றிலும் ரப்பர் பீடிங். பானெட்டைத் தொடும் மேல் விளிம்பில் தடித்த ஃபோம் டேப். பானெட்டை மூடினால் அது அமுங்கி பெட்டியை அடைத்துவிட வேண்டும். விரல் நுழைகிற இடைவெளி இருந்தால்கூட இன்ஜினின் சூடான காற்று உள்ளே வந்துவிடும், அவ்வளவு வேலையும் வீண். மேனிஃபோல்டைப் பார்க்கிற பக்கத்தில் இரண்டாவது தகடு ஒன்றை 10 மி.மீ. தள்ளி ஸ்பேசர் வைத்துப் பூட்டினேன். நடுவில் நிற்கும் காற்றே தடுப்பாகிறது.

பெட்டியிலிருந்து பம்பர் வாய்க்கு வளையும் டக்ட் ஓஸ் போதும். அதன் வாயை மொட்டையாக விடாதீர்கள். நாதஸ்வரத்தின் அணசு மாதிரி வெளியே விரிந்திருக்கட்டும். எங்கள் கணக்கில், சுவரோடு சமமாக வெட்டிய கூர் ஓர வாயின் இழப்பு எண் (எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, சிறிதானால் நல்லது) 0.5. நன்றாக உருட்டிய வாய்க்கு அது 0.05 அளவுக்கு இறங்கும். என் காரில் மூக்குக் குழாயின் 7 செ.மீ. இழப்பு 2 ஆனதற்கு இந்த விரிந்த வாய்தான் முக்கியக் காரணம்.

குழாய்க்கு அலுமினியமா பிளாஸ்டிக்கா என்று ரொம்ப யோசிக்க வேண்டாம். முழு வேகத்தில் ஒரு மீட்டர் குழாயைக் காற்று 0.04 விநாடியில் கடந்துவிடும், சூடேற நேரமே இல்லை. நின்றுகொண்டிருக்கும்போது மட்டும் அலுமினியம் வேகமாகச் சூட்டை வாங்கும். வீட்டுக் குழாய் வேலைக்கு வரும் சாதாரண பிவிசி மட்டும் வேண்டாம், 80 டிகிரி வாக்கிலேயே இளகிவிடும்.

குழாய் முனைகளில் ஒரு சிறு மேடு வேண்டும், இல்லாவிட்டால் சிலிகோன் கப்ளர் (இரு குழாய்களை இணைக்கும் ரப்பர் போன்ற உறை) வழுக்கி வெளியே வரும். இன்ஜின் ரப்பர் மவுன்டில் ஆடுகிறது, பெட்டி பாடியோடு ஆடாமல் நிற்கிறது. இரண்டுக்கும் நடுவே மடிப்பு வைத்த ரப்பர் கப்ளர் ஒன்று கட்டாயம் வேண்டும். வால்வ் கவரிலிருந்து வரும் பிரீதர் ஓஸ் (இன்ஜினுக்குள் சேரும் ஆவி போக்குவரத்துக்கானது), ஐடிலில் (ஆக்சிலரேட்டர் மிதிக்காமல் இன்ஜின் ஓடும்போது) காற்று தரும் ஓஸ் இரண்டும் காற்றை அளக்கும் மீட்டருக்கும் த்ராட்டிலுக்கும் நடுவில்தான் சேர வேண்டும், பழைய குழாயில் இருந்தபடியே. பிரீதரை அடைத்துவிடுவதோ, அதற்குத் தனியாகக் குட்டி ஃபில்டர் மாட்டுவதோ தவறு. மாட்டினால் அளக்காத காற்று உள்ளே போகும்.

துளை போட்டதும் உள்பக்கப் பிசிறை அரத்தால் ராவி, எமரி பேப்பரால் தேய்த்து, சோப்புத் தண்ணீரில் கழுவி, வெள்ளைத் துணியை உள்ளே விட்டு இழுங்கள். துணியில் ஒரு மினுக்கம் தெரிந்தாலும் மறுபடி கழுவுங்கள். ஃபில்டருக்குப் பின்னால் இருக்கும் எதுவும் நேராக சிலிண்டருக்குத்தான் போகும்.

பூட்டும் முன் குழாயின் இரு முனையையும் அடைத்து, ஓஸ் வழியாக வாயால் ஊதி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். இதை நான் முதல் தடவை செய்யவில்லை. கார் ஸ்டார்ட் ஆனது, ஐடிலும் சுமாராக நின்றது. முதல் கியர் போட்டு கிளட்சை விட்டதும் இருமி அணைந்தது. மறுபடி ஸ்டார்ட், மறுபடி அதே இடத்தில் அணைந்தது. ஸ்பார்க் பிளக் வரை கழற்றிப் பார்த்துவிட்டேன். கடைசியில் தம்பி பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு, "அண்ணா, கிளட்ச் விடும்போது இன்ஜின் சாயுது, கப்ளர் வாய் திறக்குது பாரு" என்றான். மேடில்லாத குழாய் முனையிலிருந்து கப்ளர் சில மில்லிமீட்டர் நழுவி, பிறை மாதிரி ஒரு இடைவெளி. இந்தக் காரில் காற்றை அளப்பது ஸ்பிரிங் வைத்த ஒரு கதவு. பெட்ரோல் பம்ப்புக்கான சுவிட்சும் அந்தக் கதவோடு சேர்ந்தது. காற்று அந்த இடைவெளி வழியாகப் போனதால் கதவு மூடி, பம்ப் நின்று, கார் அணைந்திருக்கிறது. குழாய் முனையில் வெல்டால் மேடு கட்டி, அகலமான கிளாம்ப் போட்ட பிறகு அந்தத் தொல்லை வரவில்லை.

ஓபிடி-2 காரென்றால் ஓட்டிவிட்டு ஸ்கேனரில் ஃப்யூயல் டிரிம் பாருங்கள். இசியூ பெட்ரோலை எத்தனை சதவீதம் கூட்டிக் குறைக்கிறது என்பதுதான் அது; ஷார்ட் உடனடித் திருத்தம், லாங் நீண்ட காலத் திருத்தம். ஷார்ட்டும் லாங்கும் கூட்டி 5 சதவீதத்துக்குள் இருந்தால் நிம்மதி. ஐடிலில் மட்டும் பிளஸ் 10 தாண்டி, வேகத்தில் இறங்கினால் எங்கோ கசிகிறது. வேகம் கூடக் கூட பிளஸ் ஏறினால் சென்சார் குறைவாகப் படிக்கிறது. அது சரியாகும் வரை ஆக்சிலரேட்டரை முழுதாக மிதிக்காதீர்கள்.

என் காரில் இப்போது மொத்த இழப்பு 25-லிருந்து 18 செ.மீ. மீட்டரின் 11 அப்படியே இருக்கிறது, அதை மாற்றினால் இசியூவையும் மாற்ற வேண்டும். சாலையில் ஃபில்டர் வாய் வெளிக்காற்றைவிட 3, 4 டிகிரிதான் அதிகம். நெரிசலில் கொஞ்சம் ஏறுகிறது, நகர்ந்ததும் இறங்கிவிடுகிறது. குதிரைத்திறன் பெரிதாகக் கூடியது என்று சொல்ல மாட்டேன். சூடான நாளில் மேல் ஆர்பிஎம்மில் வந்துகொண்டிருந்த சோர்வு போய்விட்டது, எனக்கு வேண்டியிருந்ததும் அதுதான்.

முதல் நூறு கிலோமீட்டருக்குப் பிறகு எல்லா கிளாம்ப்பையும் மறுபடி முறுக்குங்கள், சிலிகோன் சூட்டில் கொஞ்சம் அமுங்கியிருக்கும். அப்படியே அடித்தட்டில் போட்ட வடிகால் துளையை ஒரு கம்பியால் குத்திப் பாருங்கள். என் காரில் முதல் மழைக்குப் பிறகு அதை ஒரு காய்ந்த இலை அடைத்திருந்தது.